கைக்காசில் பிறந்த பேய்கள்

மலிவாக எடுக்கப்பட்ட பேய்ப்படங்கள் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு படர்கிறது. "கிண்டலடிக்க நன்றாக இருக்கும், இல்லையா?" என்கிறார்கள். இல்லை. நான் அவற்றைப் பயப்படுவதற்காகப் பார்க்கிறேன். அந்தப் பயத்தைக் காசில்லாமல் எப்படி உண்டாக்கினார்கள் என்று வியப்பதற்காக மறுபடியும் பார்க்கிறேன். "மோசமாக இருப்பதால்தான் நன்றாக இருக்கிறது" என்ற வாசகத்தை இந்தப் படங்களின் ரசிகர்கள் தலையில் யாரோ கட்டிவிட்டார்கள். அதன்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இந்தப் படங்களை உயிரோடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவற்றை மதிப்பவர்கள். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் எழுத நினைக்கிறேன்.

1968இல் வெளிவந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்திலிருந்து தொடங்குகிறேன். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவரைச் சேர்ந்தவர்களுமாகப் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். பிறகு பலரிடமும் திரட்டியதையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. பணம் போட்டவர்களே நடித்தார்கள்; நடித்தவர்களே மற்றவர்களுக்கு ஒப்பனையும் போட்டார்கள். சிதைந்த முகங்களோடு தள்ளாடி வரும் பிணங்களில் பலர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

இந்தப் படத்தில் நட்சத்திரம் கிடையாது. இதைப் பலர் ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் படத்தின் அடிப்படை பலமாகத் தெரிகிறது. பெரிய நடிகர் ஒருவர் பேய் வீட்டுக்குள் நுழைந்தால், அவர் பிழைத்துவிடுவார் என்று படம் தொடங்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்குக் கொடுத்த சம்பளமே அதற்கு உத்தரவாதம். முன்பின் தெரியாத முகங்கள் மட்டும் இருக்கும் படத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. யாரும் எப்போது வேண்டுமானாலும் சாகலாம். ரொமேரோவின் படத்தில் டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் என்ற பாத்திரம், அறிவும் துணிவும் கொண்ட ஒரே ஆள், இரவெல்லாம் போராடிப் பிழைக்கிறான். விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டம் அவனையும் நடமாடும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. முடிவை மாற்றச் சொன்ன விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். ரொமேரோ மாற்றவில்லை.

டுவேன் ஜோன்ஸ் கறுப்பின நடிகர். நடிப்புத் தேர்வில் எல்லோரையும்விட நன்றாகச் செய்ததால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பாத்திரம் எந்த நிறத்தையும் குறிப்பிட்டு எழுதப்பட்டதில்லை. படச்சுருளைக் காரில் வைத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோன இரவில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசிக் காட்சியை அதற்குப் பிறகு யாராலும் வெறும் பேய்ப்பட முடிவாகப் பார்க்க முடியவில்லை. பெரிய நிறுவனத்தின் பல மேசைகளைத் தாண்டி வந்திருந்தால் இந்த முடிவு தப்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். யாருடைய அனுமதியும் தேவைப்படாத அளவுக்குச் சிறியதாக இருந்தது அந்தப் படம்.

காசில்லாமை இன்னொன்றையும் செய்கிறது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்க வைக்கிறது. 'ஈவில் டெட்' படத்தைப் பாருங்கள். டென்னசி காட்டுக்குள் ஒரு பாழடைந்த மரவீட்டில் 1979இல் படப்பிடிப்பு தொடங்கியபோது இயக்குநர் சாம் ரைமிக்கு வயது 20. காட்டிலிருந்து ஒரு தீய சக்தி வீட்டை நோக்கிப் பாய்ந்து வரவேண்டும். அதை உருவமாகச் செய்ய வசதி இல்லை. ஓடும்போது கேமராவை அசையாமல் தாங்கும் விலையுயர்ந்த கருவியும் இல்லை. ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு தரையை ஒட்டி ஓடினார்கள். திரையில் நாம் காண்பது சருகுகளுக்கும் செடிகளுக்கும் மேலே ஏதோ ஒன்று வெறியோடு விரைவதை. பேய்க்கு உருவம் இல்லை. நம் கண்கள்தான் அதன் கண்கள். பல கோடி செலவில் கணினியில் வரைந்த அரக்கர்கள் எத்தனையோ வந்துவிட்டார்கள், அந்தப் பலகை தந்த அச்சத்தை அவர்களில் யாரும் எனக்குத் தந்ததில்லை.

ஜான் கார்ப்பெண்டரின் 'ஹாலோவீன்' (1978) கதையும் இதுவே. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். கொலைகாரனுக்கு முகமூடி வேண்டும், அதைச் செய்யப் பணம் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகத்தைக் கொண்ட ஒரு மலிவான முகமூடியை வாங்கி, புருவத்தை எடுத்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். கிடைத்தது எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு வெற்று முகம். கோபமோ வன்மமோ தெரிந்தால் அவனைப் புரிந்துகொள்ளலாம். அந்த முகத்தில் படிக்க எதுவுமே இல்லை. இசையமைப்பாளருக்குக் கொடுக்கவும் பணம் இல்லாததால் கார்ப்பெண்டரே இசையமைத்தார். சிறுவயதில் தந்தை சொல்லிக்கொடுத்த ஐந்து தட்டுத் தாளத்தில் பியானோவில் வாசித்த அந்த மெட்டு, இன்றும் கேட்டவுடன் முதுகில் ஊர்கிறது. கலிபோர்னியாவின் வசந்த காலத்தில் படமெடுத்ததால் இலையுதிர் காலத்துச் சருகுகளைச் சாயமடித்துத் தயாரித்து, காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து, அடுத்த காட்சியில் மறுபடியும் தூவினார்கள்.

இதுபோன்ற விவரங்களை ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். இவை துணுக்குச் செய்திகள் அல்ல. படம் பார்க்கும்போதே நமக்குள் நடக்கும் ஒன்றோடு இவை சேர்ந்துவிடுகின்றன. பெரும் செலவில் எடுத்த படத்தில் உழைப்பு முழுவதும் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டு மறைந்துவிடும். சிறிய படத்தில் கைரேகை தெரியும். ஒப்பனையின் ஓரம் தெரியும், ஒலி ஒட்டாமல் நிற்பது தெரியும், மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டத்தின் வேலையைச் செய்திருப்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பயப்படவும் முடிகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த அனுபவம். டான் காஸ்கரெல்லி 'ஃபேண்டஸம்' (1979) எடுத்தபோது, வெள்ளிக்கிழமை கருவிகளை எடுத்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்து, ஒரு நாள் வாடகை மட்டும் கட்டி, வார இறுதிகளில் படப்பிடிப்பு நடத்தினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தின் அந்தக் கனவு போன்ற தொடர்ச்சியின்மை எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

ஆனால் வறுமையை வழிபடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'டெக்சஸ் செயின்சா மாசக்கர்' (1974) எவ்வளவு மகத்தான படமோ, அதன் படப்பிடிப்பு அவ்வளவு கொடுமையானது. டெக்சஸ் கோடையில் ஜன்னல்களை அடைத்த வீட்டுக்குள், விருந்துக் காட்சியை ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் எடுத்தார்கள். மாற்று உடை இல்லாததால், கொலைகாரனாக நடித்த கன்னர் ஹான்சன் துவைக்காத ஒரே உடையை நாள்கணக்கில் அணிந்தார். போலி இரத்தம் வரும் குழாய் சரியாக வேலை செய்யாததால் நாயகியாக நடித்த மேரிலின் பர்ன்ஸின் விரல் உண்மையிலேயே வெட்டப்பட்டது. சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு என்று ஒப்புக்கொண்டு உழைத்தவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். படம் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. "அதனால்தான் படம் அவ்வளவு உண்மையாக இருக்கிறது" என்று சில ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அந்தப் படத்தின் உண்மை இயக்குநர் டோபி ஹூப்பரின் கண்ணில் இருக்கிறது. அதில் இரத்தமே மிகக் குறைவாகத்தான் காட்டப்படுகிறது என்பதை மறுமுறை பார்ப்பவர்கள் அறிவார்கள். ஒரு நடிகையின் விரலை அறுக்காமலும் அதை எடுத்திருக்கலாம்.

மலிவாக எடுத்த எல்லாப் படங்களும் நல்ல படங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். 'மேனோஸ்' (1966) என்றொரு படம் உண்டு. எல் பாசோ நகரில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹெரால்ட் வாரன் எடுத்தது. அவரிடம் இருந்த கேமராவில் சாவி கொடுத்தால் ஒரு தடவைக்குச் சுமார் 32 வினாடிதான் ஓடும். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு இல்லை. பிறகு ஒருசிலரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். 1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதைக் கிண்டலடித்து ஒளிபரப்பியது. உலகின் மிக மோசமான படம் என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. நல்ல படம் என்று நானும் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதன் 16 மி.மீ. படச்சுருள் 2011இல் கிடைத்தபோது, ரசிகர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு அதை ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து மீட்டெடுக்க உதவினார்கள். வெறும் ஏளனத்துக்கு யாரும் இவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனிதர் முழு நீளப் படம் எடுத்து முடித்தார் என்பது அவர்களை எங்கோ தொட்டிருக்கிறது.

இதே காரணத்தால்தான், வேண்டுமென்றே மோசமாக எடுத்து "நாங்களும் கல்ட் படம்" (சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படம்) என்று வருபவை எனக்குப் பிடிப்பதே இல்லை. தெரிந்தே ஆடும் அட்டைச் சுவருக்கும், நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டும் ஆடிவிட்ட சுவருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னது பார்வையாளரோடு சேர்ந்து கண்ணடிக்கிறது. கண்ணடிக்கும் படத்தைப் பார்த்து யாரும் பயப்பட முடியாது.

நம் நாட்டிலும் இந்த அலட்சியத்தைச் சுமந்த ஒரு குடும்பம் உண்டு: மும்பையின் ராம்சே சகோதரர்கள். 1970இல் அவர்கள் குடும்பம் தயாரித்த ஒரு படம் தோற்றது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் அச்சமூட்டும் முகமூடியோடு திருட வரும் காட்சியை மட்டும் மக்கள் விரும்பிப் பார்த்ததைச் சகோதரர்கள் கவனித்துவிட்டார்கள். ஏழு பேரும் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, எழுத்து, படத்தொகுப்பு என்று வேலைகளைப் பிரித்துக்கொண்டு 1972 முதல் வரிசையாகப் பேய்ப்படங்கள் எடுத்தார்கள். விமர்சகர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 'புரானா மந்திர்' (1984) பெரும் வெற்றி பெற்ற பிறகும் அந்த மரியாதை வரவில்லை. அதில் அனிருத் அகர்வால் ஏற்ற சாம்ரி என்ற அரக்கனின் முகத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ரசிகர்கள் இல்லாவிட்டால் இந்தப் படங்களில் பாதி இன்று இருந்தே இருக்காது. ரொமேரோவின் படத்துக்குத் தலைப்பை மாற்றியபோது புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டார்கள். அன்றைய சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. ரொமேரோவுக்குச் சேரவேண்டிய பணம் பறிபோனது, அது அநியாயம். அதே வேளையில் யார் வேண்டுமானாலும் திரையிடலாம், கேசட் போடலாம் என்ற நிலை படத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பிரிட்டனில் 1980களில் 'ஈவில் டெட்' உள்ளிட்ட பல படங்களின் கேசட்டுகளைக் காவல்துறை பறிமுதல் செய்தது. பிரதிக்குப் பிரதி எடுத்து, படம் மங்கி, நிறம் கசிந்த கேசட்டுகளைக் கைமாற்றிக்கொண்டு இவற்றைக் காத்தவர்கள் ரசிகர்கள்தான். ஜப்பானில் 2017இல் சுமார் 30 லட்சம் யென்னில், பெயர் தெரியாத நடிகர்களை வைத்து ஷினிச்சிரோ உவேதா எடுத்த 'ஒன் கட் ஆஃப் த டெட்', மறு ஆண்டு இரண்டு சிறிய அரங்குகளில்தான் முறையாக வெளியானது. பார்த்தவர்கள் வாய்வழியாகவே பரப்பி அதை நூற்றுக்கணக்கான அரங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். அதில் தெரியும் தடுமாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்பாதியில் காரணம் விரியும்போது, சிறிய படக்குழுவின் மீது வரும் அன்பு வேறெந்தப் படத்திலும் எனக்கு வந்ததில்லை.

இந்த வகைக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962). கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர் ஹெர்க் ஹார்வி. சால்ட் லேக் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பெரிய கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது கண்டார். அந்தக் கட்டடத்துக்கு ஒரு கதை வேண்டும் என்று தோன்றியது. உடன் பணிபுரிந்தவரை எழுதச் சொன்னார். விடுப்பு எடுத்துக்கொண்டு சில வாரங்களில் படத்தை முடித்தார். செலவு சுமார் 33,000 டாலர். நாயகியைப் பின்தொடரும் வெளிறிய முகத்து மனிதர் வேறு யாருமல்லர், ஹார்வியேதான். ஆற்றில் கார் விழுந்து, அதிலிருந்து எழுந்து வரும் ஓர் ஆர்கன் இசைக்கலைஞரின் கதை. ஒரு கடைக்குள் இருக்கும்போது திடீரென யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவள் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை, உலகத்தின் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. ஒலியை நிறுத்தச் செலவே இல்லை. அந்தச் சில நிமிடங்களில் தனிமையைப் பற்றி அந்தப் படம் சொன்னதைப் பெரிய படங்கள் பல மணி நேரத்தில் சொல்ல முடியாமல் தவித்திருக்கின்றன. வெளியானபோது அது எடுபடவில்லை. பின்னிரவுத் தொலைக்காட்சியில் தற்செயலாகப் பார்த்தவர்கள் மறக்காமல் பேசிப் பேசி, 1989இல் மறுபடியும் அரங்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஹார்வி அதற்கு முன்பும் பின்பும் வேறு முழு நீளக் கதைப்படம் எடுக்கவே இல்லை.

இதுவும் பொதுச்சொத்தாகிவிட்ட படம், இணையத்தில் தயக்கமின்றிப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவையாவது கூட்டமாக உட்கார்ந்து கருத்துச் சொல்லிக்கொண்டே பார்க்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் பாருங்கள், கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதல் இருபது நிமிடம் நடிப்பு விறைப்பாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் ஒலி நின்றுபோகும் அந்தக் காட்சி வரும்வரை நிறுத்த வேண்டாம்.