இடைவெளியைக் குறைத்தால் மட்டும் போதாது
300 வோல்ட்டில் ஸ்பார்க் கேப் (இரு உலோக முனைகளுக்கு இடையே பொறி பாயும் காற்று இடைவெளி) தானாகப் பாய, முனைகளை இன்னும் நெருக்கி வைத்தால் போதும் என்று இங்குள்ள கட்டுரையில் இருக்கிறது. அங்குதான் இடிக்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் பெயரிலுள்ள விதி சொல்வது இது: இடைவெளியைக் குறைக்கக் குறைக்க தேவையான வோல்ட்டும் குறையும், ஆனால் ஓர் எல்லை வரைதான். சாதாரணக் காற்றில் அந்த அடிமட்டம் சுமார் 330 வோல்ட், 300 அதற்கும் கீழே. அதுவும் 7, 8 மைக்ரான் இடைவெளியில், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு! அதைக் கையால் யார் செட் செய்வது? நானும் முயன்றேன். பழைய கேமரா ஃபிளாஷிலிருந்து கழற்றிய 120 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டு பித்தளை ஸ்க்ரூ. கால் திருகு திருப்பினால் ஒன்றும் நடக்காது, இன்னும் ஒரு நூல் திருப்பினால் இரண்டும் முட்டி 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதே ஃபிளாஷ் போர்டில் இருந்த ட்ரிகர் காயிலை (வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றும் சின்னச் சுருள்) எடுத்து, மூன்றாவது முனையாக ஒரு குண்டூசியை நடுவில் நீட்டினேன். அதன் சில ஆயிரம் வோல்ட் பொறி காற்றை அயனியாக்கி மின்சாரம் கடத்த வைத்துவிட, அரை மில்லிமீட்டரிலும் பத்துக்கு ஏழெட்டு முறை பாய்ந்தது. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், ஸ்பார்க் கேப்புக்குப் பதில் எஸ்சிஆர் (பொறியில்லாத மின்னணு சுவிட்ச்) போடலாமே என்கிறார். சரிதான், இந்த வோல்ட்டுக்கு உண்மையில் அதுதான் நல்லது, பொறி பார்க்கும் ஆசை இல்லாவிட்டால். ஒன்று மட்டும்: அந்தச் சின்ன கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டில் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் நிற்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் கை வைக்காதீர்கள்.