வைக்கோல் கன்று

வைக்கோல் கன்றை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் கட்டுத்தரையில் ஒன்று இருந்தது. மயிலைப் பசு போட்ட காளைக்கன்று இருபதாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போனது. நாட்டு மாடு, கன்று முட்டாமல் பால் விடாது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தார்கள். கால்களுக்கு நான்கு குச்சி. கறக்கும் நேரத்தில் அப்பா அதைக் கூரைச் சந்திலிருந்து எடுத்து மயிலையின் முகத்துக்கு முன்னால் வைப்பார்.

மயிலை முதலில் வாலடியை முகரும். உயிரோடு இருந்தபோதும் கன்றை அங்கேதான் முகரும். அப்புறம் நக்கத் தொடங்கும். கழுத்து, முதுகு, காது, திரும்பவும் வாலடி. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மடி சுரந்துவிடும். கறந்து முடித்ததும் அப்பா அந்தக் கன்றை எடுத்து மறுபடியும் கூரையில் செருகிவிடுவார். ஒரே மாதத்தில் வாலடிப் பக்கம் முடியெல்லாம் போய் வெறும் தோல் பளபளத்தது. அவ்வளவு நக்கியிருக்கிறது.

சாயங்காலம் மற்ற கன்றுகளை அவிழ்த்துவிடும்போது மயிலை தன் கன்று கட்டியிருந்த முளைக்குச்சியின் பக்கம் திரும்பி நிற்கும். அப்போது வாய் திறந்து ‘ம்மா’ என்று கத்தும். காலையில் கறக்கும்போது கேட்ட சத்தமே இல்லை அது. தெருக்கோடி வரை கேட்கும்.

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் பேச்சு வாக்கில் உறவுக்கார அண்ணன் ஒருவர், “ஐந்தறிவு ஜீவனுக்குத் துக்கம், சந்தோஷமெல்லாம் ஏது? ரெண்டு நாள் கத்தும், மூணாம் நாள் மறந்துடும்” என்றார். பந்தியில் உட்கார்ந்திருந்தோம், அங்கே விவாதம் செய்ய மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவரும் மாடு வைத்திருந்த குடும்பம்தான். அவர் வீட்டிலும் வைக்கோல் கன்று செய்திருப்பார்கள்.

மாட்டுக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது என்று உண்மையிலேயே நம்புகிறவர் எதற்காக ஒரு பொய்க் கன்றைத் தைக்க வேண்டும்? அந்தப் பாசம் இருக்கிறது, அதை ஏமாற்றிப் பால் எடுக்கலாம் என்று தெரிந்துதானே அதைச் செய்தோம். தெரியாமல் நாம் எதையும் செய்துவிடவில்லை.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தாலும் அதேதான். கன்றின் வாசமும் ஸ்பரிசமும் கிடைத்ததும் பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது, பால் இறங்குகிறது. பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பிலும் இதே ஆக்சிடோசின்தான், இதே வேலைதான். பயந்துவிட்டால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து அதைத் தடுத்துவிடும். புது ஆள் கறக்க உட்கார்ந்தாலோ நாய் குரைத்தாலோ ‘மாடு பாலை அடக்கிக்கிச்சு’ என்று சொல்வோமே, அது இதுதான்.

நான் சின்ன வயதில் கேட்ட அந்த இரண்டு சத்தங்களைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம், குயின் மேரி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு பண்ணையில் மாதக்கணக்கில் பசுக்களின் குரலைப் பதிவு செய்தார்கள். கன்று பக்கத்தில் இருக்கும்போது தாழ்ந்த குரல், கன்று கண்ணில் படாதபோது உரத்த, உச்சமான குரல். ஒவ்வொரு பசுவின் குரலும் தனி, கன்றின் குரலும் தனி. படித்தபோது எனக்கு மயிலையின் ‘ம்ம்ம்’ காதில் கேட்டது.

என்னை அதைவிட உலுக்கியது 2014இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு சோதனை. கன்றுகளுக்கு ஒரு திரையைக் காட்டிப் பழக்கினார்கள். ஒரு நிறம் வந்தால், போய் மூக்கால் தொட்டால் பால் கிடைக்கும். இன்னொரு நிறம் வந்தால் கிடைக்காது. நன்றாகப் பழகிய பிறகு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மங்கலான நிறங்களைக் காட்டினார்கள். பால் கிடைக்குமா கிடைக்காதா என்று கன்றே ஊகிக்க வேண்டும். தாயிடமிருந்து பிரிக்கும் முன் அந்த நடு நிறத்தைப் பார்த்து, கிடைத்தாலும் கிடைக்கும் என்று போன கன்றுகள், பிரித்த பிறகு அவ்வளவாகப் போகவில்லை. கொம்பு முளைக்கும் இடத்தைச் சூடு வைத்துத் தீய்த்த பிறகு அதே கன்றுகளிடம் தெரிந்த மாற்றமும் ஏறக்குறைய இதே அளவுதான். சூட்டுக்காயமும் தாயைப் பிரிவதும் கன்றின் மனத்தில் ஒரே மாதிரி இறங்குகின்றன. மனசு உடைந்தவர் ‘எனக்கென்ன நல்லது நடந்துவிடப் போகிறது’ என்று ஒதுங்கி உட்காருவதை நாம் பார்த்ததில்லையா?

ஐந்தறிவு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் ஆறாவது அறிவாக மனத்தை வைக்கிறது, மக்களுக்கு ஆறறிவு என்கிறது. ஆனால் சொன்ன கையோடு அந்த வகையில் வேறு பிறப்புகளும் உண்டு என்று சேர்த்துவிடுகிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். ‘வாயில்லா ஜீவன்’ என்பதையும் நான் சொல்வதை விட்டுவிட்டேன். தெருக்கோடி வரை கேட்கக் கத்தியதே மயிலை, அதற்கா வாயில்லை?

சரி, அப்படியானால் நமக்கு இருக்கும் எல்லா உணர்ச்சியும் அவற்றுக்கும் அப்படியே இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மிருகப் பிரியர்களோடு எனக்குச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். நாய் செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு, காதை மடக்கி, கண்ணை ஒதுக்கி நிற்கும் வீடியோக்கள் தினமும் வருகின்றன. ‘பாருங்க, தப்பு செஞ்சுட்டு முழிக்குது’ என்று ரசிக்கிறோம். 2009இல் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை. வளர்ப்பவர் திட்டினால் முழி வந்தது. தின்னாத நாயைத் திட்டினாலும் வந்தது.

அதாவது நாம் குற்ற உணர்ச்சி என்று நினைத்துச் சிரிப்பது பெரும்பாலும் பயம். எங்கள் தெருவில் ஒருவர் காலையில் நடந்த தப்புக்கு மாலையில் வேலையிலிருந்து வந்து நாயை அடிப்பார். ‘அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாருங்க’ என்பார். அந்த நாய்க்கு அவருடைய பைக் சத்தம் கேட்டதுமே கால் நடுங்கும். உணர்ச்சி இல்லை என்று சொல்லி அடிப்பவருக்கும், நம் உணர்ச்சியை அதன் மேல் போர்த்திவிட்டு அடிப்பவருக்கும் அந்த நாயின் முதுகு வித்தியாசம் பார்க்குமா?

யானைகள் விஷயத்திலும் எனக்கு இந்தத் தயக்கம் உண்டு. வடக்கு வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் 2022, 2023இல் செத்த ஐந்து குட்டிகளை யானைக் கூட்டங்கள் இழுத்து வந்து வடிகால் பள்ளத்தில் தள்ளி மண் மூடியிருக்கின்றன. எல்லாக் குட்டிகளும் மல்லாந்த நிலையில், கால்கள் மேலே. அதற்குப் பின் அந்த வழியைக் கூட்டங்கள் தவிர்த்தன. இதை ஈமச்சடங்கு என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. அவை என்ன நினைத்தன என்பது அவற்றுக்குத்தான் தெரியும். ஆனால் செத்த குட்டியை விட்டுவிட்டுப் போக முடியாத ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

மூணாம் நாள் மறந்துடும் என்ற அண்ணனுக்கு ஒரு பதில் பசிபிக் கடலில் இருக்கிறது. 2018இல் தாலெக்குவா என்ற ஓர்க்கா திமிங்கிலம், பிறந்ததுமே இறந்துபோன குட்டியைத் தலையில் தாங்கி 17 நாள் நீந்தியது. 2024 டிசம்பர் கடைசியில் இன்னொரு குட்டி இறந்தபோதும் அதையே செய்தது.

அப்படியே மூன்றாம் நாள் மறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நாளை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு சாவு என்றால் சொந்தம் கூடுகிறது, கட்டிப்பிடித்து அழ ஆள் இருக்கிறது, ‘விதி’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கிறது, காலம் ஆற்றும் என்ற நம்பிக்கை இருக்கிறது. மயிலைக்கு இதில் எது இருந்தது? கழிச்சல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. நேற்று முளைக்குச்சியில் இருந்தது இன்று இல்லை, அவ்வளவுதான். நம்முடையதைப் போல இல்லை என்றால் நம்முடையதைவிடக் குறைவு என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம்? சில நேரங்களில் கூடுதலாகவும் இருக்கலாமே.

பால் குடிப்பதை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை, நானும் காபி குடிக்கிறவள்தான். ஆனால் காளைக்கன்று என்றால் பிறந்த வாரமே அனுப்பிவிடுவதும், கன்று இல்லாத குறைக்கு ஆக்சிடோசின் ஊசியை ஏற்றுவதும் என்னால் ஏற்க முடியாதவை. மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பாலைக் கூட்டும் ஊசி, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். மாடு வைத்திருக்கும் நண்பர்களே, குறைந்தது தாய் பார்க்கும் தூரத்தில் கன்றைக் கட்டுங்கள். கறந்த பிறகு ஒரு காம்பையாவது கன்றுக்கு விடுங்கள்.

விசேஷத்திலிருந்து வந்த அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். “அந்த வைக்கோல் கன்னு நிஜக் கன்னு இல்லைன்னு மயிலைக்குத் தெரியாதாப்பா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“தெரிஞ்சிருக்கும் சாமி. தெரியலைன்னா சாயங்காலம் எதுக்கு அந்தக் கத்துக் கத்துது?” என்றார்.