புகை வேறு, வெண்ணெய் வேறு

கஞ்சாப் பூவைப் புகைத்தாலும் சமைத்துச் சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கும் வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறேன். இங்கே 19 வயது நிரம்பியவர்களுக்கு 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி சரி. சனிக்கிழமை மாலை கொஞ்சம் சுருட்டிப் புகைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். பூவின் வாசமும் அதில்தான் முழுசாகக் கிடைக்கும்.

சமையல் அப்படி இல்லை. பச்சைப் பூவை அப்படியே மாவில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. முதலில் ஓவன் அடுப்பில் மிதமான சூட்டில் வாட்ட வேண்டும், அப்போதுதான் அதிலிருக்கும் அமிலம் போதை தரும் டி.எச்.சி.யாக மாறும். அது கொழுப்பில் கரைவது, அதனால்தான் பூவை வெண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது. சாப்பிட்டால் போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கல்லீரல் அதை இன்னும் வலுவான பொருளாக மாற்றிவிடும். கடைப் பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்று வரம்பு உண்டு, வீட்டில் செய்யும் பிரவுனி கேக்குக்கு அது கிடையாது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது துண்டும் எடுத்தேன். விடியும்வரை நெஞ்சு படபடத்தது. இப்போது விரல்நுனி அளவு துண்டு, அப்புறம் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. மீதியைப் பெயர் எழுதி, பிள்ளைகள் தொடாதபடி பூட்டி வைக்கிறேன்.