கோடையில் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் பார்க்க ஒன்றும் இல்லையா?
'கோடையில் போனால் சேறுதான், மழைக்காலத்தில் மட்டும் போங்கள்' என்று இந்த ஏரியைப் பற்றிய கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கம்போடியா போனது மார்ச் மாதத்தில். ஏரிக்கரையில் உள்ள கம்போங் ப்ளுக் மிதக்கும் ஊரே அல்ல, உயரமான மரக்கால்கள் மேல் நிற்கும் ஊர். வெள்ளம் வந்தால் அந்தக் கால்களெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். நான் போனபோது அண்ணாந்து பார்த்தால்தான் வீட்டு வாசல் தெரிந்தது, அவ்வளவு படிகள்! கீழே தெருவிலேயே இறால் காயப்போட்டிருந்தார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். மழைக்காலத்தில் மேகோங் ஆறு பெருகும்போது தோன்லே சாப் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கி.மீ. இருக்கும் ஏரி அப்போது ஐந்தாறு மடங்கு விரிகிறது. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை, வற்றிய காலத்தில் வீட்டுக் கால்களில் படிந்த நீர்க்கறையைப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன். அப்புறம், கட்டுரைக்குக் கீழே ஒருவர் பறவைகள் பற்றிக் கேட்டிருந்தார். அதே ஏரியில் உள்ள பிரெக் தோல் பறவைகள் சரணாலயத்தின் பக்கம் கூழைக்கடா, நாரைகளெல்லாம் கூட்டமாகக் கூடுவது டிசம்பர் முதல் மார்ச் வரைதான். அங்கே நிஜமாகவே மிதக்கும் வீடுகளும் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க வீட்டையே படகில் கட்டி இழுத்து இடம் மாற்றுகிறார்கள்.