இடுப்பில் இருக்கும் குழந்தை மட்டும் கண்ணில் படாது

வாசலில் ஒரு சிறுமி நிற்கும் படம் ஒன்று முந்தாநாளிலிருந்து சுற்றுகிறது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு தத்துவம் வேறு: 'பள்ளிக்கூடமும் கிடையாது, வேலையும் கிடையாது, வாசலில் நின்று வேடிக்கை.' எழுதிய மகானுக்கு அந்தச் சிறுமியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை மட்டும் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை வேலைதான் செய்கிறது. கூலி இல்லை, அவ்வளவுதான். அம்மா சித்தாள் வேலைக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது?

1991இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு வாத்தியார். அக்கா அப்போது ஐந்தாவதோடு நின்றிருந்தாள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "பொண்ணு என்ன பண்ணுது?" "வீட்டுலதாங்க இருக்கு" என்றார் அப்பா. வேலை செய்யாதவர் என்று பதிந்துகொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கணக்கே அப்படி. 2011 கணக்கெடுப்பில்கூட, சொந்தத் தேவைக்கு மாடு வளர்த்துப் பால் கறந்தால் வேலை. அந்தப் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குப் புகட்டினால் வேலையில்லை!

'சத்துணவு, சீருடை, 2022லிருந்து காலைச் சாப்பாடு, இத்தனை கொடுத்துமா?' என்று வருவீர்கள். சரி, நல்ல விஷயம்தான். ஒன்றரை வயதுத் தம்பியையும் ஆறாம் வகுப்பில் உட்கார வைப்பீர்களா? வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று 2005 நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. தூளியை ஆட்டியதெல்லாம் அக்காக்கள்தான்.

14 வயதுவரை அவள் வகுப்பில் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நானும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டில் இருப்பது நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? சோம்பேறி என்று சொல்லாதீர்கள் என்கிறேன். 'பெத்தவங்களுக்குப் பொறுப்பு வேண்டாமா' என்பவர்களுக்குப் பதில் கிடையாது. உங்கள் வீட்டில் ஆயா இருக்கிறார், பேசுவீர்கள்.

எங்கள் சொந்தக்கார வாட்ஸப் குரூப்பிலும் அந்தப் படம் வந்தது. போட்டது பெரியப்பா மகன், எங்கள் அண்ணன். 'நூத்துக்கு நூறு உண்மை' என்று கீழே கைதட்டியவர்களில் தங்கச்சியும் ஒருத்தி. ஆமாம், அதே தங்கச்சி. அக்காவும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். அண்ணே, ஐப்பசிக் கல்யாணத்துக்குப் பத்திரிகையை குரூப்பில் போட்டு முடிச்சிடாதீங்க. நேரில் வாங்க. முதலில் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வாங்க.