பென்ஸ்னா எந்த பென்ஸ்?

செகண்ட் ஹேண்டில் பென்ஸ் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: எந்த வருடம், எந்த இன்ஜின்? முகப்பில் இருக்கும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது சுமார் நாற்பது வருட உழைப்பு. அதை அடகு வைத்தது அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம். இந்தக் கம்பெனி மேல் மரியாதை இருப்பதால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

ஆரம்பக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைமில் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒற்றை சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன். அதை நம்பி வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அதை ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருளாக லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். அந்தக் கம்பெனியின் முதல் டெஸ்ட் டிரைவரும் முதல் மெக்கானிக்கும் அவர்தான் என்பேன். 1926ல் பென்ஸும் டைம்லரும் ஒன்றாகின.

தாண்டிப் போகக் கூடாத ஒரு பக்கமும் இதில் இருக்கிறது. நாஜி ஆட்சியில் இந்தக் கம்பெனி விமான இன்ஜினும் ராணுவ வண்டியும் செய்தது. 1944ல் அங்கே வேலை செய்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க் கைதிகள், வதை முகாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கம்பெனியே பின்னாளில் ஒப்புக்கொண்ட கணக்கு இது. அந்தக் காலத்துப் பெரிய கார்களைப் பார்த்து வியப்பவர்கள், அவை எந்த ஆட்சிக்காக ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் இன்று "பென்ஸ் தரம்" என்று சொல்வது போருக்குப் பிறகு உருவானது. பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951ல் ஒரு யோசனையைப் பதிவு செய்தார்: ஆள் உட்காரும் பகுதி கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும். 1959ல் அது டபிள்யூ 111 (கம்பெனி தன் மாடலுக்கு வைக்கும் எண்) காராக வந்தது. 1978ல் பாஷ் கம்பெனியோடு சேர்ந்து தங்கள் பெரிய காரான எஸ் கிளாஸில், அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் கொடுத்தார்கள். இன்று எல்லாக் கம்பெனியும் செய்வது இதைத்தான்.

ஆனால் சாதாரண மக்களிடம் பெயர் வாங்கிக் கொடுத்தது டீசல். 1936லேயே 260 டி என்று டீசல் கார் விற்றார்கள். உச்சம் தொட்டது 1976 தொடக்கத்தில் அறிமுகமான டபிள்யூ 123. சுமார் 27 லட்சம் கார்கள் செய்தார்கள். அதில் 240 டி காருக்கு ஓஎம் 616 என்ற நான்கு சிலிண்டர் இன்ஜின், 300 டி காருக்கு ஓஎம் 617 என்ற ஐந்து சிலிண்டர். ஜெர்மனி டாக்சியில் ஆரம்பித்து ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் வரை ஓடியது இதுதான்.

நம் ஊருக்கும் இதில் நேரடி உறவு உண்டு. 1954 முதல் 1969 வரை டாடாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். முகப்பில் அந்த நட்சத்திரம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் லாரிக்காரர்கள் வாயில் அது "பென்ஸ் லாரி"தான். பிறகு பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ், மேலே சொன்ன அதே ஓஎம் 616 இன்ஜினை உரிமம் வாங்கிச் செய்து டிராக்ஸிலும் டிராவலரிலும் மாட்டியது. பழநிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆட்களை ஏற்றிப் போன பழைய வேன்களில் உறுமியது 240 டி காரின் இன்ஜின்.

அது ஏன் உழைத்தது? டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. ஹெட்டில் உள்ள சின்ன முன்னறையில் பீய்ச்சி, அங்கே எரிய ஆரம்பித்து, பிறகு பிஸ்டன் மேல் பரவும். அழுத்தம் திடீரென ஏறாததால் கனெக்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் அடி குறைவு. டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கும் அழுத்தமே 115 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். இன்றைய காமன் ரெயில் டீசலில் 1600 முதல் 2000 பார். பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது. டைமிங் செயின் இரட்டை வரிசை. இவ்வளவு பெரிய இன்ஜினிலிருந்து எடுத்தது 72 குதிரைத்திறன் மட்டுமே. மெதுவாகத்தான் போகும், அதனால்தான் தேயவில்லை.

ஆனால் பராமரிக்காவிட்டால் இதுவும் சாகும். முக்கியமானது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இரண்டு 14 ஸ்பேனரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் இறங்கும், இடைவெளி சுருங்கும், கடைசியில் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று, கசியும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. இதைப் பார்க்காமல் ஹீட்டர் பிளக் மாற்றி, நாசில் மாற்றி, கடைசியில் "போர் போயிடுச்சு" (சிலிண்டர் சுவர் தேய்ந்துவிட்டது) என்று இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். கம்ப்ரஷன் அளக்கும் முன் வால்வை அட்ஜஸ்ட் செய்யுங்கள். நல்ல இன்ஜினில் 22 முதல் 24 பார் வரும். 15க்குக் கீழே போனாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் கவலை.

கம்ப்ரஷன் கேஜ் கையில் இல்லையா? இன்ஜின் சூடானதும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) விட்டு, ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அப்படியே தலைகீழாக வாயின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது.

இன்னொரு விசித்திரம்: சாவியை உருவிய பிறகும் சில பழைய டீசல் பென்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது கரண்ட் இல்லை, வாக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசை. கதவுப் பூட்டுகளும் வாக்யூமில்தான் வேலை செய்கின்றன. ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்தால் போதும், இன்ஜின் நிற்காது. பானெட்டைத் திறந்து, ஸ்டாப் என்று எழுதிய லீவரை அழுத்தி நிறுத்துங்கள். பூட்டுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒழுங்காக நின்றால் கோளாறு கதவில். டீசல் பம்பைக் கழற்ற வேண்டாம்.

புகழோடு ஒட்டிக்கொண்ட மிகையையும் சொல்லிவிடுகிறேன். கிரீஸ் நாட்டு டாக்சி ஒன்று 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி ஸ்டுட்கார்ட் மியூசியத்துக்குப் போனது உண்மை. அது 1976ம் வருடத்து 240 டி, டபிள்யூ 123க்கு முந்தைய மாடல். ஆனால் வழியில் இன்ஜின் பலமுறை மாற்றப்பட்டது. டபிள்யூ 123 துருப்பிடிக்காது என்பதும் பொய். ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவு, பின் கண்ணாடியின் கீழ் ஓரம், இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது.

சரிவுக்கு வருவோம். 80களில் எட்சார்ட் ராய்ட்டர் தலைமையில் கம்பெனி விமானம், மின்சாதனம் என்று கண்டதையும் வாங்கிக் குவித்தது. 1989ல் டொயோட்டா லெக்ஸஸ் என்ற சொகுசுக் காரைக் கொண்டுவந்து, எஸ் கிளாஸைவிட மிகக் குறைந்த விலையில் அதே அமைதியைக் கொடுத்தது. 1995ல் டைம்லர் பென்ஸ் காட்டிய நஷ்டம் சுமார் 570 கோடி ஜெர்மன் மார்க். அதற்குள் வேலை செய்யும் முறையே மாறியிருந்தது. முன்பு வண்டியை வடிவமைத்து முடித்து, ஆன செலவைப் பார்த்து விலை வைத்தார்கள். இப்போது விலையை முதலில் வைத்து, அதற்குள் அடங்கும்படி வண்டியை வெட்டினார்கள். தரம் போனது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டியது எங்கெங்கே தெரிந்தது? சுமார் 1992 முதல் 1995 வரை வந்த பெட்ரோல் இன்ஜின்களின் வயரிங் ஹார்னஸில், அதாவது ஒயர்க் கட்டில். சீக்கிரம் மக்கும் வகை உறையை வயருக்குப் போட்டார்கள். அது இன்ஜின் சூட்டிலேயே காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி, ஐடில் தடுமாறி, கடைசியில் விலை உயர்ந்த கண்ட்ரோல் யூனிட்டையும் எரித்தது. வண்டி பார்க்கப் போனால் இன்ஜெக்டர் பக்கம் வரும் ஒயரின் மேலுறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே நிறம் மங்கி வெடிப்பு தெரிந்தால் பழைய ஹார்னஸ். டேப் சுற்றி ஒட்டுவது வேலைக்காகாது, முழு ஹார்னஸையும் மாற்ற வேண்டும். த்ராட்டில் பாடியின் சொந்த ஒயரும் இதே ரகம். அதை மறந்துவிட்டு ஹார்னஸை மட்டும் மாற்றினால் கோளாறு தொடரும்.

1995ல் வந்த டபிள்யூ 210 இன்னும் மோசம். முன் ஸ்பிரிங்கின் தலை உட்காரும் கிண்ணத்தை உள் விங்கில், அதாவது சக்கரத்தை மூடும் உள் தகட்டில், ஸ்பாட் வெல்டிங் வைத்து, சுற்றிலும் சீலர் பூசியிருந்தார்கள். சீலர் தூக்கிக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். ஒரு நாள் கிண்ணம் பிய்ந்து, வண்டி அந்த மூலையில் சரிந்து உட்காரும். ஓடும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து, கிண்ணத்தைச் சுற்றிய சீலர் உப்பியிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கடற்கரை ஊர் வண்டி என்றால் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

1997 அக்டோபரில் புது ஏ கிளாஸ், சுவீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் கவிழ்ந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த பதில் எனக்குப் பிடிக்கும்: டெலிவரியை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, சின்னக் காருக்கும், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பியைக் கட்டாயமாகக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே கிரைஸ்லரோடு இணைந்து, 2007 வரை பணத்தையும் கவனத்தையும் கரைத்தார்கள்.

பிறகு 2002ல் டபிள்யூ 211 என்ற இ கிளாஸ். எஸ்பிசி என்ற மின்னணு பிரேக். 2004லும் 2005லும் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். 2006ல் இ கிளாஸிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். அந்த யூனிட் பிரேக் மிதிப்பதை எண்ணிக்கொண்டே வரும், குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் எச்சரிக்கை போடும். பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்பிசி வண்டியில் ஸ்கேனரால் சிஸ்டத்தை அணைக்காமல் பிரேக் பேட் கழற்றவே கூடாது. யாராவது கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும், காலிப்பரில் இருக்கும் விரல் நசுங்கும். 2006 நடுவில் வந்த மாற்றத்துக்குப் பிந்தைய 211 வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

பின்னர் வந்தவை இவ்வளவு மோசமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி உண்டு. ஓஎம் 642 வி6 டீசலில் ஆயில் கூலர் இரண்டு பக்க சிலிண்டர்களுக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் சுருங்கினால் ஆயில் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் முகப்பில் சொட்டும். "கிராங்க் ஆயில் சீல் போச்சு" என்று கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். முதலில் மேலே பாருங்கள். சீல் விலை சொற்பம். டர்போ, மேனிஃபோல்டு எல்லாம் கழற்றும் கூலிதான் பெரிது, அதனால் மாற்றும்போது புதிய வகை வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) சீலையே கேட்டு வாங்குங்கள். எம் 272 பெட்ரோல் இன்ஜினில் முதல் சில வருடத்து பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும். இன்ஜினை இறக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் ஒயர் சொருகும் பிளக்கின் ஓ ரிங் கசிந்தால், ஆயில் ஒயர் வழியாகவே ஏறி கண்ட்ரோல் யூனிட் வரை போகும். அந்த கியர்பாக்ஸ் ஆயிலை வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள், பிறகு தாங்களே மாற்றச் சொன்னார்கள். 60,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள்.

டீசலில் பெயரெடுத்தவர்கள் டீசலிலேயே மாட்டியதுதான் மனதை உறுத்துவது. டீசல் வண்டிகள் புகை விதியை மீறிய விவகாரத்தில் 2019ல் ஸ்டுட்கார்ட் அரசு வழக்கறிஞர்கள் 87 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். 2020ல் அமெரிக்க வழக்குகளை முடிக்க 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். நாற்பது வருடப் பழைய வண்டிக்கும் அவர்களிடம் உதிரிபாகம் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் அருகே ஃபெல்பாக்கில் பழைய வண்டிகளுக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பர் கிடைக்கும். சர்வீஸ் சென்டரில் அதே எண்ணை வைத்து பழைய சர்வீஸ் விவரமும் கேட்டு வாங்குங்கள்.

எந்த பென்ஸ் பார்க்கப் போனாலும் விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரிய வேண்டிய கோளாறு தெரியாது. விலை பேசாமல், மறுநாள் காலை வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.