கண்ணாடிக்குள் இருக்கும் தூரம்

சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும் நிலைக்கண்ணாடியைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அந்த ஆழம் முழுவதும் மூளையின் கற்பனை என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எதிரொளித்து வரும் கதிர்கள், பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதே தொலைவில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டவை போலவே கண்ணை அடைவதால், கண்ணின் வில்லையும் அந்த மொத்தத் தூரத்துக்கே குவிய வேண்டியிருக்கிறது. எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 2. மூக்குக்கண்ணாடி இல்லையென்றால் அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். சவரம் செய்யும்போது என் முகம் தெளிவாகத் தெரிய, சுவர்க் கண்ணாடியை ஒட்டிக் கால் மீட்டருக்குள் நான் நெருங்க வேண்டும். வெறும் கற்பனை என்றால் இந்தச் சிரமம் எதற்கு?

முடிதிருத்தகத்தில் எதிரெதிரே மாட்டிய இரு கண்ணாடிகளைக் கட்டுரை தொடவே இல்லை. இடைவெளி 10 அடி, நாம் முன்கண்ணாடியிலிருந்து 3 அடியில் அமர்ந்திருக்கிறோம் என்றால், நம் முகம் 6 அடியிலும், பின்மண்டை 20 அடியிலும், மீண்டும் முகம் 26 அடியிலும் தெரியும். (வழுக்கை தொடங்கியதை எனக்கு அறிவித்தது அந்த 20 அடிப் பிம்பம்தான்.) உள்ளே போகப் போக உருவங்கள் பச்சை பூசிக்கொண்டு மங்குவதற்குக் காரணம், சாதாரணக் கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் மற்ற நிறங்களைச் சற்றுக் கூடுதலாக விழுங்கிவிடுவதே. வரிசை ஒரு பக்கமாக வளைந்து சென்றால், ஆணி அடித்தவர் இரண்டையும் சரியான இணையாக மாட்டவில்லை என்று பொருள்.